யாருக்காக அலங்காரம்?

ராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்துக்கு நீங்கள் போயிருக்கிறீர்களோ இல்லையோ, அவ்வூரில் தைத்த துணி உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கக் கூடும். பெண்கள் வீட்டில் அணியும் நைட்டியைத் தைத்து வெளியூர்களுக்கு அனுப்புவது அங்கே முக்கியமான தொழில். தெருவில் நடந்தால் தையல் இயந்திரத்தின் ஓசை கூடவே வரும். என் சித்தப்பா மகன் ஒருவன் அந்தத் தொழிலில்தான் இருக்கிறான். சென்ற ஆண்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வழக்கு எனக்காகக் காத்திருந்தது.

"அண்ணே, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. கரண்டு போற வயருக்கு யாராவது நகை போடுவாங்களா?"

குற்றவாளி அவனுடைய மகன். சிவகாசி அச்சகங்களுக்கு லேபிள்களும் காலண்டர் படங்களும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவன் வேலை. நல்ல பையன். வாயாடமாட்டான். அவனுடைய கம்ப்யூட்டர்ப் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடி. உள்ளே எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்கிறார்களே, வீட்டு மின்சாரத்தை வாங்கி இயந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதி, அதிலிருந்து மதர்போர்டுக்கு இருபத்து நான்கு முனைகள் கொண்ட பட்டையான வயர்க்கற்றை ஒன்று போகிறது. அந்தக் கற்றையின் மேல் வரிசையாக ஒளிக்குழல்கள். ஊதாவும் பச்சையும் செந்நிறமும் அலை அலையாக அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தன. விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஓவர்லாக் இயந்திரத்துக்குப் புது மோட்டார் வாங்க வேண்டும் என்று தகப்பன் சொல்லிக்கொண்டிருந்த மாதத்தில் வந்த செலவு அது.

இந்த ஆசை இவனோடு பிறந்ததல்ல. 2018-இல் தைவான் நாட்டு லியன் லி கம்பெனி இப்படி ஒளிரும் கற்றை ஒன்றைச் செய்து காட்டியது. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்பே பொழுதுபோக்குக்காரர்கள் தாங்களே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். பையனும் அப்படித்தான் தொடங்கினானாம். மேஜை அறையிலிருந்து தன் முதல் முயற்சியை எடுத்துக் காட்டினான். நான்கு முனை கொண்ட வெள்ளைப் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று. அதில் சிறு துளை. துளைக்குள் மூன்று மில்லிமீட்டர் நீல எல்.இ.டி. விளக்கு. மஞ்சள் வயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, கறுப்பு இரண்டும் திரும்பும் வழி. நீல விளக்குக்குச் சுமார் 3 வோல்ட் போதும். மிச்சம் 9 வோல்ட்டைத் தடுத்து நிறுத்த நடுவில் 470 ஓம் ரெஸிஸ்டர் ஒன்று. அதை விட்டுவிட்டால் விளக்கு அந்தக் கணமே கருகிவிடும். பற்றவைத்த இடத்தில் மஞ்சளும் கறுப்பும் தொட்டுக்கொண்டாலோ பெட்டிக்கே ஆபத்து. இதையெல்லாம் விளக்கியபோது அந்தப் பையன் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு ரெஸிஸ்டர் எதுவும் இல்லை.

தகப்பன் கட்சி எளியது: வேலை செய்கிற பொருளுக்கு வேலைதான் அழகு. பையன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நைட்டிக்கு எதுக்குப்பா கழுத்தில் லேஸ் வைக்கிறீங்க?"

"லேஸ் வைத்தால்தான் விற்கும்."

"அதைப் போட்டுக்கொண்டு அவங்க வெளியே போறதில்லையே. யார் பார்க்கப் போறாங்க?"

சரியான அடி. தகப்பன் என்னைப் பார்த்தான். தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டவனை வெறுங்கையோடு விட எனக்கு மனம் வரவில்லை. அதோடு, எழுத்தாளன் என்றால் சமயத்துக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற அசட்டுக் கௌரவமும் இருந்தது. நான் பையனைக் கேட்டேன்:

"இந்த வயருக்குள் மின்சாரம் இப்படித்தான் வண்ண அலையாகப் போகிறதா?"

"இல்லை, பெரியப்பா. இந்த விளக்கு தனி. வயருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. மேலே படுத்திருக்கு, அவ்வளவுதான்."

"நீயே செய்த அந்த நீல விளக்கு?"

"அது அந்த வயரிலிருந்தே எடுத்துக்கும். கரண்டு இருந்தால் எரியும். இல்லேன்னா எரியாது."

"அப்படியானால் அது உண்மை பேசுகிறது. இது பொய் சொல்கிறது. நாலாயிரம் கொடுத்துப் பொய்யை வாங்கியிருக்கிறாய்" என்றேன்.

எனக்கே என் சொல் இனித்தது. தகப்பனுக்கு மகா திருப்தி. பையன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து அந்தக் கற்றையைக் கழற்றி, வந்த அட்டைப் பெட்டியிலேயே மடித்து வைத்துவிட்டான். சாதாரணக் கறுப்பு வயரை மாட்டினான். கம்ப்யூட்டர் முன்போலவே வேலை செய்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் உறுத்தல் ஆரம்பித்தது. பொய்யை விலைக்கு விற்பவன் நானா அவனா? இல்லாத மனிதர்களுக்குப் பெயர் வைத்து, நடக்காத கல்யாணங்களை நடத்தி, அதற்குச் சன்மானமும் வாங்கிக்கொள்கிறவன் வண்ண விளக்கைப் பார்த்துப் பொய் என்கிறான்! வயரின் மேல் ஓடும் அலையை மின்சாரம் என்று எந்தப் பையனும் ஏமாறுவதில்லை. என் கதாநாயகி அழுதாள் என்று நம்பி எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களாவது உண்டு.

அடால்ஃப் லூஸ் என்று வியன்னாவில் ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1910-ஐ ஒட்டி அலங்காரத்தைக் குற்றத்தோடு சேர்த்து வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். அலங்காரம் என்பது தொழிலாளியின் உழைப்பையும் பொருளையும் வீணாக்குவது. அதைச் செய்கிறவனுக்குக் கூலியும் கட்டுவதில்லை என்பது அவர் வாதம். தளவாய்புரத்தில் இது பாதி உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லேஸ் வைத்துத் தைப்பதால் கூடும் நேரத்துக்கு ஏற்பக் கூலி கூடுவதில்லை என்று என் தம்பியே புலம்பக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதே லூஸ் தம்முடைய செருப்புத் தைப்பவரைப் பற்றியும் பேசுகிறார். கேட்டதைவிட அதிக விலை தருகிறேன் என்றால் அந்த மனிதர் ஏழாம் சொர்க்கத்துக்குப் போய்விடுவார். அடுத்த வாக்கியமாக, ஆனால் பூவேலை எதுவும் கூடாது என்று சொன்னால் அங்கிருந்து கீழே விழுந்துவிடுவார். வேலை குறைந்தது, சந்தோஷம் முழுவதும் போயிற்று. இதை ஒப்புக்கொண்டு, தமக்கு அலங்காரச் செருப்பு வந்தால் சகித்துக்கொள்வதாக லூஸ் சொல்கிறார். குற்றப் பத்திரிகை படித்தவருக்கு இருந்த இந்த இரக்கம் எனக்கு இல்லாமல் போயிற்று.

கம்ப்யூட்டர்க்காரர்களிடமே நேர் எதிரான ஒரு வழக்கமும் இருந்தது. 1984-இல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்ட மாக்கிண்டாஷ் பெட்டியின் உட்புறச் சுவரில், அதைச் செய்தவர்களின் கையெழுத்துகளை அச்சில் வார்த்திருந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெட்டியைத் திறந்ததே இல்லை. ஒருவரும் பாராமல் இருப்பதற்காக ஓர் அலங்காரம்! ஒருவேளை செய்தவன் கண்ணுக்கு மட்டுமே அது போதுமோ?

சில மாதம் கழித்து மறுபடி அந்தப் பக்கம் போனேன். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். 192 அடிக் கோபுரம், 11 நிலை. உச்சிக்குக் கீழே உள்ள பொம்மைகளின் முகம் தெருவில் நிற்பவன் கண்ணுக்கு எட்டாது. கோயிலுக்குள் அந்தக் கண்ணாடிக் கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடி, ஆண்டாள் இந்தக் கிணற்று நீரில் அழகு பார்த்தாள் என்பது ஐதிகம். வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம். பார்த்தது தண்ணீர் மட்டும். பெரியாழ்வாரும் முதலில் கோபித்துத்தான் இருக்கிறார். தகப்பன்மார்கள்!

தளவாய்புரத்தில் என் தம்பி மனைவி மட்டும் வீட்டில் இருந்தாள். ஓவர்லாக் இயந்திரத்தில் புது மோட்டார். பேச்சுவாக்கில், பையன் அந்த விளக்கை மறுபடி மாட்டினானா என்று கேட்டேன். அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க மூணு பேரும் பேசினீங்க அத்தான். என்னை யாரும் கேட்கலையே."

"நீ என்ன சொல்லியிருப்பாய்?"

"ராத்திரி இவங்க தூங்கணும்னு டியூப்லைட்டை அணைச்சிடுவேன். நான் இங்கே காஜா கட்டிக்கிட்டு இருப்பேன், அவன் அந்த மூலையில் வரைஞ்சுக்கிட்டு இருப்பான். மணி ஒண்ணு, ரெண்டு ஆகும். தலை நிமிர்ந்தா அந்தக் கலர் ஓடிக்கிட்டு இருக்கும். நல்லாத்தான் இருந்தது." சற்று நிறுத்தினாள். "2012-இல் கரண்டே இல்லாமல் கிடந்தோமே, ஞாபகம் இருக்கா? வந்தா தெரியணும்னு ஒரு பல்பை மட்டும் போட்டபடியே விட்டு வைப்பேன். அது எரிஞ்சா எழுந்து மிஷினுக்குப் போவேன். அப்போ இருந்தே சின்ன வெளிச்சம்னா எனக்கு ஒரு இது."

அந்த ஆண்டு தென் மாவட்டங்களில் ஒரு நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமல் போனதை நானும் அறிவேன். நான் மெழுகுவர்த்தியில் எழுதினேன் என்று பெருமையாகக் கட்டுரை எழுதினேன். இவள் பல்பைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

மாலையில் பையன் வந்ததும், அந்தக் கற்றையை எடுத்து மாட்டச் சொன்னேன். நான் சொன்னது தவறு என்றும் சொன்னேன். அவனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"அதை ராஜபாளையத்தில் ஒரு பிரெண்டுக்குப் பாதி விலைக்குக் கொடுத்துட்டேன், பெரியப்பா. அந்தப் பணமும் போட்டுத்தான் மோட்டார் வாங்கினோம்."

இரவு சாப்பாடு முடிந்து தம்பி படுத்துவிட்டான். டியூப்லைட் அணைந்தது. பையன் மூலையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினான். கண்ணாடிக்குப் பின்னால், எதற்கும் இணைக்காமல் தொங்கவிட்டிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் முனையில், மிளகு அளவுக்கு ஒரு நீலப் பொட்டு எரிந்தது. என் தம்பி மனைவி தன் ஸ்டூலைச் சற்றே திருப்பிப் போட்டுக்கொண்டு, மடியில் இருந்த நைட்டியின் கழுத்தைப் பிரித்து லேஸை எடுத்தாள்.