எளிமை இழிவாகுமோ?

பாடுபட்டுக் கற்ற வித்தையொன்றைப் பிறனொருவன் பாடின்றியே கைக்கொள்வானாயின், அதனால் அவ்வித்தைக்கு இழிவு நேர்கின்றதா? அன்றி, முன்னர்ப் பாடுபட்டவனுடைய தருக்குக்கு மட்டுமே இழிவு நேர்கின்றதா? இவ்வினாவைப் பெரிய சாத்திரங்களைக் கொண்டு ஆராய்வோர் ஆராய்க. நாம் ஒரு தூண்டில் ரீலைக் கையிலெடுத்துக் கொண்டு ஆராயப் புகுகின்றோம். பொருள் சிறிதென்று அன்பர்கள் நகைக்க வேண்டா.

அமெரிக்காவில், ஒக்லஹோமா மாநிலத்து டல்சா என்னும் நகரம் எண்ணெய்க் கிணறுகளால் செழித்தது. ஆங்கே 1932-ம் ஆண்டில் ஒரு கம்பெனி தோன்றிற்று. ஜீரோ அவர் பாம் கம்பெனி என்பது அதன் பெயர். வெடிகுண்டுக் கம்பெனி என்றதும் அஞ்ச வேண்டா. கிணற்றின் அடியில் பாறையைப் பிளந்து எண்ணெய்க்கு வழிசெய்யும் பொருட்டு, குறித்த நேரத்தில் வெடிக்கும் குண்டுகளைச் செய்து விற்பதே அதன் தொழில். அக்குண்டுகளுக்குரிய காப்புரிமை முடியுங்காலம் நெருங்கவே, கம்பெனியார் வேறு சரக்குத் தேடலாயினர். அந்நிலையில், 1947-ம் ஆண்டில், டெக்ஸாஸ் மாநிலத்துக் கடியாரம் பழுதுபார்ப்பவராகிய ஆர். டி. ஹல் என்பார் ஒரு மாதிரியை ஏந்தி வந்தார். ஒரு பலகைத் துண்டு. அதில் வட்டமாக அறைந்த ஆணிகள். ஆணிகளைச் சுற்றி நூல். மேலே ஒரு காப்பி டப்பாவின் மூடி. அவ்வளவே.

அது எதற்கு மருந்தாக வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பழைய வீசு தூண்டில் ரீலில், இரையை எறியும்பொழுது நூல் சுற்றிய உருளையே சுழலும். இரை முதலில் விரைந்து பறந்து, பின்னர் வேகந் தணியும். உருளையோ அதை அறியாது. தன் வேகத்திலேயே சுழன்று நூலை அள்ளி அள்ளி வெளியே தள்ளும். ஒரு நொடியில் நூலெல்லாம் குருவிக் கூடுபோற் சிக்குண்டு போகும். இதைத் தடுப்பது கட்டைவிரல் ஒன்றே. உருளையின்மேல் அதை மெல்ல வைத்து, இரை தளருந்தோறும் உருளையையும் தளரச் செய்ய வேண்டும். சிறிது மிகுத்து அழுத்தினால் இரை காலடியில் விழும். சிறிது குறைந்தால் சிக்கு. இவ்வகை ரீலின் தொடக்கத்தைக் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் என்னும் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடருக்கு உரியதாகச் சொல்வர். அவரும் கடியாரக்காரரே. ஒரு கடியாரக்காரர் தொடங்கியதை மற்றொரு கடியாரக்காரர் மாற்றினார் என்பது வேடிக்கையன்றோ!

மளிகைக் கடையொன்றில், பொட்டலம் கட்டுபவன் பெரிய உருளையிலிருந்து சணலை இழுப்பதை ஹல் கண்டாராம். உருளை அசையாது நின்றது. சணல் அதன் முனைவழியே வழுக்கி வந்தது. சுழலாத உருளை மிகைபடச் சுழல்வதெங்ஙனம்? இக்கருத்து முற்றிலும் புதியதன்று. நெசவுத் தொழிலோடு தொடர்புடைய இல்லிங்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1905-ம் ஆண்டிலேயே நிலையுருளை ரீலுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஹல் செய்தது, உருளையை மூடியால் மறைத்து, நடுவே ஒரு துளைவழி நூலை விட்டதே. 1949-ம் ஆண்டில் முதல் ரீல் விற்பனைக்கு வந்தது. 1954-ம் ஆண்டில் 33 என்னும் எண்ணுடையது வந்தது. பொத்தானை அழுத்திக் கோலை வீசி விரலை எடுத்தால் நூல் பறக்கும். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளிருக்கும் சிறு ஊசி நூலைப் பற்றி மீளச் சுற்றும். எட்டு வயதுக் குழந்தை ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

தேர்ந்த தூண்டிற்காரர் பலர் இதனைப் பிள்ளை விளையாட்டென இகழ்ந்தனர். நமது நண்பர் ஒருவர், பொத்தான் ரீல் வைத்திருப்பவனோடு ஒரே கரையில் நிற்பதில்லை என்று விரதம் பூண்டிருந்தார். நாமும் அன்று அதை ஆமோதித்தோம். காரணம் யாதென இன்று நினைத்துப் பார்க்கின்றோம். இரண்டாண்டுக் காலம் சிக்கெடுத்துச் சிக்கெடுத்துப் பழக்கிய கட்டைவிரல் நம்முடையது. அவ்விரண்டாண்டும் கருவியின் குறையொன்றை ஈடுசெய்வதிலேயே கழிந்தன என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆதலின், குறையைக் கலை என்று பெயரிட்டு, அதனைக் கல்லாதவனை இழிந்தவன் என்றோம். மீன் எங்கே ஒதுங்கும், எந்நேரம் இரை கவ்வும், கவ்வியபின் எப்பொழுது விட்டுக்கொடுப்பது என்பவற்றைப் பொத்தான் ஒருவனுக்கும் கற்பிக்கவில்லை. அவற்றைக் கற்க ஆற்றங்கரைக்கு வருவதற்கே தடையாய் நின்ற வாயிற்கதவை அது திறந்துவிட்டது. கதவு திறந்ததே நமக்குப் பொறுக்கவில்லை.

எனினும், இகழ்ந்தவர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் கூறோம். பழகிய விரலுக்கு உருளை எத்தனையோ செய்திகளைச் சொல்லும். மூடியின்கீழ் மறைந்த நூல் அவ்வளவு சொல்லாது. குறித்த இலைநிழலில் இரையை இறக்கவும், பெருமீனைத் தாங்கவும் பழைய வகையே இன்றும் விரும்பப்படுகின்றது. இழப்பு உண்டு. அவ்விழப்பைத் தாமே எடைபோட்டுக் கொள்ளும் உரிமை புதிதாக வந்தவருக்கும் உண்டல்லவா?

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மலிவும் எளிமையும் எவ்வழியே செல்கின்றன என்பதைக் காண வேண்டுமாயின் டல்சாவைக் காண்க. அந்நகரத்துத் தொழிலாளர் கைகளில் பல்லாண்டு உருவான அந்த ரீல், பின்னாளில் சீன தேசத்தில் செய்யப்படலாயிற்று. வாங்குவோனுக்குப் பழக்கம் வேண்டாமற் செய்த அறிவு, செய்வோனையும் வேண்டாமற் செய்தது. இதற்கு நம்மிடம் விடையில்லை. பொத்தானை மட்டும் புகழ்ந்துவிட்டு இதை மறைத்தல் நேர்மையன்று என்பதால் எழுதினோம்.

1956-ம் ஆண்டில் கம்பெனி தன் பெயரை ஜெப்கோ எனச் சுருக்கிக்கொண்டது. பழைய பெயர் பொறித்த ரீலொன்று அதிபர் ஐசனோவருக்குப் போக, காவலர் அதை மெய்யான வெடிகுண்டென்று எண்ணித் தண்ணீரில் அமிழ்த்தினர் என்றொரு கதை வழங்குகின்றது. மெய்யோ பொய்யோ, வெடிகுண்டுக் கம்பெனியின் பெயர் தாங்கிய ரீல்களைச் சேகரிப்போர் தேடி வாங்குகின்றனர். விரதம் பூண்ட நமது நண்பரும் அண்மையில் ஒன்று வாங்கினார். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கின்றார். அவருடைய பேரன் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கக் கேட்டானாம், தரவில்லை.