காலைப் பாருங்க, மாமா

இந்த நிகழ்ச்சிக்குக் காலைச் சிந்தனை என்று பெயர். இன்று நானும் காலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விடியற்காலை அல்ல. செருப்புக் கடிக்கும் வரை நமக்கு ஞாபகமே வராத, இந்தக் கால்.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதம், அக்கா மகன் என்னை அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து யூரே என்ற ஊருக்கு அழைத்துப் போனான். ஆயிரம் பேர்கூட இல்லாத மலையூர். உயரம் ஏறக்குறைய 7,800 அடி. ஒரு காலத்தில் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர், இப்போது குளிர்காலத்தில் ஐஸை நம்பிப் பிழைக்கிறது. ஊர் ஓரத்தில் அன்கம்பாக்ரே ஆறு குடைந்த ஆழமான பாறை இடுக்கு ஒன்று இருக்கிறது. மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய குழாய் அந்த வழியாகப் போகிறது. குழாய் ஒழுகி, ஒழுகிய தண்ணீர் பாறையில் உறைந்து விழுது விழுதாகத் தொங்க, அதில் ஏறிப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். 1990-களில் ஊரில் சிலருக்கு யோசனை வந்தது: ஒழுக்கை அடைப்பானேன், இன்னும் கொஞ்சம் ஒழுகவிட்டால் என்ன?

இன்று விளிம்பு நெடுகக் குழாய் போட்டு, குளியலறை ஷவர் போல வாய் வைத்து, உறைகிற ராத்திரிகளில் தண்ணீர் திறக்கிறார்கள். அந்த வேலை பார்ப்பவர்களுக்கு ஐஸ் விவசாயிகள் என்றே பெயர். மும்முனைக் கரன்ட் வரும் நேரம் பார்த்து நள்ளிரவில் மோட்டார் போட எழுந்து போகிற நம் ஊர்க்காரரை அங்கே கொண்டுபோய் விட்டால், இரண்டே நாளில் வேலை பிடிபட்டுவிடும்.

அந்த ஐஸில் ஏறக் கற்றுத்தர எங்களுக்கு வாய்த்த கைடு இருபத்தைந்து வயதுப் பெண். எனக்கு ஐம்பத்திரண்டு. ஹெல்மெட் மாட்டி, இடுப்பில் ஹார்னஸ் பட்டை கட்டி, விறைப்பான பூட்சுக்கு அடியில் கிராம்பான் என்கிற இரும்பு முள் சட்டத்தைப் பூட்டிவிட்டார். முன்பக்கம் இரண்டு முள் கோரைப்பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. கோடரிக்குக் கை நீட்டினேன். தரவில்லை. முதல் அரை மணி நேரம் வெறுங்கையோடு, கால் முள்ளை மட்டும் ஊன்றி ஒரு சரிவில் ஏறி இறங்கச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பிறகு கோடரிகள் வந்தன, கைக்கு ஒன்று. செங்குத்தான ஐஸ். கயிறு மேலே போய் வளையத்தில் நுழைந்து கீழே வந்து கைடின் கையில் இருக்கிறது. கை வழுக்கினால் ஓரிரு அடி தொங்குவேனே தவிர விழமாட்டேன். இது மூளைக்குத் தெரிகிறது, விரல்களுக்குத் தெரியவில்லை. முதல் வெட்டிலேயே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வில்லை பெயர்ந்து என் ஹெல்மெட்டில் மோதிச் சிதறியது. ஏறுபவருக்கு நேர் கீழே ஏன் யாரும் நிற்பதில்லை என்று அப்போது புரிந்தது. ஆனால் அலகு சரியாக இறங்கினால் மரத்தில் ஆணி இறங்குவது போல ‘தொப்’ என்று கனத்த சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் மனிதனுக்குப் பேராசை வந்துவிடுகிறது. கோடரிக் காம்பைக் கழுத்தை நெரிப்பது போலப் பிடித்துக்கொண்டு, கையாலேயே உடம்பை இழுத்து ஏறினேன். பதினைந்து அடி ஏறுவதற்குள் முன்னங்கை இரண்டும் மரக்கட்டை. முழங்கால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி தடதடவென்று ஆடுகிறது.

கீழே இருந்து கைடு ஏதோ சொன்னார். காதில் ஏறவில்லை. மருமகன்தான் கத்தினான்: “மாமா, காலைப் பாருங்க! காலைப் பாருங்க மாமா!”

பார்த்தேன். பயத்தில் குதிகால் இரண்டும் தூக்கிக்கொண்டிருந்தன. குதிகால் ஏறினால் முள் நெம்பி வெளியே வரும், கெண்டைச் சதையும் துடிக்கும். குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தியதும் தையல் மெஷின் நின்றது. கால்களை அகலவைத்து ஒரே மட்டத்தில் ஊன்றி, ஒரு கோடரியை மட்டும் உயரே வெட்டி, கையை மடக்காமல் நீட்டித் தொங்கவிட்டு நின்றால், பாரம் காலுக்குப் போய்விடுகிறது. மூச்சு வாங்கலாம். வேடிக்கைகூடப் பார்க்கலாம். கோடரி நம்மைப் பின்னால் சாயாமல் பிடித்து நிறுத்தத்தான், தூக்கிச் செல்வது கால்தான்.

சரித்திரமும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஐஸில் படி வெட்டி வெட்டித்தான் ஏறினார்கள். 1929-இல் இத்தாலியின் கூர்மயூரைச் சேர்ந்த கிரிவெல் என்ற கொல்லர் குடும்பம் கிராம்பானுக்கு முன்முள் வைத்தது. இழுத்தால் நழுவாத வளைந்த அலகுக் கோடரியை அமெரிக்கரான இவான் ஷுயினார்ட் யோசித்ததோ 1966-இல். கை, காலுக்கு முப்பத்தேழு வருடம் பின்தங்கி வந்து சேர்ந்திருக்கிறது.

உச்சியைத் தொட்டேன். கயிற்றில் உட்கார்ந்து இறங்கினேன். தரைக்கு வந்து இரண்டு நிமிடம் கழித்துத்தான் உண்மையான வலி. உயரத் தூக்கியே வைத்திருந்த, உறைந்த விரல்களுக்கு ரத்தம் திரும்புகிறபோது குமட்டும், கண்ணீர் வரும். ஐம்பத்திரண்டு வயது ஆள் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு “அம்மா” என்றேன். கைடு சிரிக்கவில்லை, தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார். அந்த ஊரில் வெந்நீர் ஊற்றுக் குளமும் இருக்கிறது. சாயங்காலம் அதில் கழுத்தளவு மூழ்கிக் கிடந்தோம்.

உங்களில் யாராவது குளிர்நாட்டுக்குப் போய் இதைச் செய்து பார்ப்பதாக இருந்தால், எதையும் விலை கொடுத்து வாங்காதீர்கள், கோடரியும் கிராம்பானும் வாடகைக்குக் கிடைக்கும். கையுறை மட்டும் இரண்டு ஜோடி வேண்டும், ஏறுவதற்கு ஒன்று, கீழே காத்து நிற்பதற்கு ஒன்று. ஐஸை உதைக்க உதைக்க, விரல் நுனி பூட்ஸில் இடித்துக்கொண்டே இருக்கும். எனக்குக் கட்டைவிரல் நகம் கறுத்து, சித்திரை வரை அப்படியே இருந்தது. அதனால் முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள்.