விதைநெல்லுக்கு உரியவர் யார்?

ஏர் பிடித்து, பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு, அந்த உழைப்புக்கு நடுவே ஈசனை நினைக்கிற குடியானவனுடைய பக்தி உயர்ந்ததா, அல்லது அனைத்தையும் உதறிவிட்டு ஆரண்யத்துக்குப் போன சந்நியாசியின் வைராக்கியம் உயர்ந்ததா என்ற விசாரம் நம் தேசத்தில் மிகப் பழையது. வள்ளுவர் இல்லறத்தை முன்னும் துறவறத்தைப் பின்னும் வைத்தார். மஹாபாரதமோ, தபோபலத்தில் கர்வம் கொண்டிருந்த கௌசிகன் என்ற வேதியனை, கணவனுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த ஓர் இல்லாளின் வாசலில் பிக்ஷைக்குக் காக்கவைத்து, பிறகு மிதிலையில் இறைச்சி விற்கும் வியாதனிடம் தர்மம் கற்றுக்கொள்ள அனுப்பியது. ஆயினும் இந்த விசாரத்தைக் காவிரி பாயும் வயலோரத்தில் நடத்துவது வேறு. வானம் பார்த்த புதுக்கோட்டைச் சீமையில் நடத்துவது வேறு.

இங்கே வெள்ளாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையைக் கண்மாய்களிலும் ஏந்தல்களிலும் தேக்கிவைத்துத்தான் வெள்ளாமை. சித்திரை பிறந்ததும் ஊர்கூடி நல்லேர் பூட்டுகிறவர்களும், மழையையும் மாட்டையும் மக்களையும் காக்கும்படி ஐயனாருக்கு மண்குதிரை செய்து புரவி எடுக்கிறவர்களும் இச்சீமைக் குடியானவர்களே. இப்படிப்பட்ட மண்ணில் விதைநெல் என்பது சாமானியப் பொருள் அன்று. நன்றாக முற்றிய கதிராகப் பார்த்துத் தனியே அடித்து, தூற்றி, வெயிலில் காயவைத்து, வைக்கோல் புரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி, மேலே சாணம் மெழுகி, எட்டாத உயரத்தில் ஏற்றிவைப்பார்கள். வீட்டில் அரிசி தீர்ந்து கேழ்வரகுக் கூழில் காலம் தள்ளுகிற நாளிலும் அந்தக் கோட்டையில் கைவைக்க எவருக்கும் மனம் வராது. அது வீட்டுக்குள் இருந்தாலும் வீட்டுக்காரனுக்குச் சொந்தமன்று. வரப்போகிற வருஷத்துக்குச் சொந்தம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இளையான்குடி மாறனாரின் சரித்திரத்தைப் படிக்கும்போதுதான் அதன் உக்கிரம் விளங்குகிறது. இளையான்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. புதுக்கோட்டைக்குத் தெற்கே, இதே கண்மாய் நாடு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துரைத்த அந்த வேளாளர், அடியார்களுக்கு அன்னமிட்டே செல்வமெல்லாம் இழந்து, கடன் கொடுப்பாரும் இல்லாத நிலைக்கு வந்தபின், மழை கொட்டும் ஒரு நள்ளிரவில் பசியோடு ஓர் அதிதி வாசலில் நிற்கிறார். அன்று பகலில்தான் முளைநெல் விதைத்திருந்தது. இருட்டில் காலால் வழி தடவிக்கொண்டே வயலுக்குப் போய், மழைநீரில் மிதந்து வரப்போரம் ஒதுங்கியிருந்த அந்த முளைகளைக் கூடையில் வாரிக்கொண்டு வந்தார் மாறனார். அம்மையார் அவற்றைக் கழுவி, வறுத்து, குற்றிச் சோறாக்கினார். விறகுக்கு வீட்டுக் கூரையின் வரிச்சை அறுத்தார்கள். கறிக்குக் கொல்லையில் அப்போதுதான் தலைகாட்டியிருந்த பயிரைப் பறித்தார்கள்.

விவேகமுள்ள எவனும் இங்கே ஒரு கேள்வி கேட்பான். தன் பசியைத் தியாகம் செய்யலாம், தன் உயிரையும் தியாகம் செய்யலாம். குடும்பத்தின் நாளைய சோற்றையும் தலைக்கு மேலிருக்கும் கூரையையும் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு கிருஹஸ்தனுக்கு என்ன அதிகாரம்? நியாயமான கேள்விதான். அதிதி வடிவில் வந்தவர் சிவபெருமான், கடைசியில் சோதியாய்த் தோன்றி அருளினார் என்று சொல்லி இதை மூடிவிடக் கூடாது. வந்தவர் யாரென்று அந்த இரவில் அவர்களுக்குத் தெரியாதே!

ஆனால் சேக்கிழார் இந்தக் கேள்வியை அறியாதவர் அல்லர். வயலில் கிடக்கும் முளைநெல்லை வாரிவரலாம் என்ற யோசனை மாறனாருக்குத் தோன்றியதாக அவர் பாடவில்லை. என்ன செய்வது என்று கணவர் கேட்கிறார். வீட்டில் ஒன்றுமில்லை, அயலாரிடம் வாங்கவும் வழியில்லை, பகலில் விதைத்ததைக் கொண்டுவந்தால் என்னால் ஆனமட்டும் சமைப்பேன் என்று சொல்கிறவர் மனைவி. கதாகாலக்ஷேபங்களில் இருட்டும் மழையும் அமர்க்களமாக வரும். இந்த ஒரு வார்த்தை மட்டும் விரைந்து கடந்துபோய்விடும். என் மட்டில் சரித்திரத்தின் உயிர்நிலையே அதுதான். துறவி தனக்கு உரியதை விட்டுவிட்டுத் தனியே நடந்துவிடுகிறான். அவன் எவருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டியதில்லை. கிருஹஸ்தனுக்கோ தனக்கே உரியதென்று வீட்டில் ஒரு மரக்கால் நெல்கூட இல்லை. ஆகையால் அவன் செய்கிற தியாகம் இன்னொரு மனம் உவந்து உடன்பட்டாலொழியத் தியாகமாகாது, அபகரணமாகவே முடியும். (அடியார் கேட்டதற்காகப் பெற்ற பிள்ளையையே மனைவியோடு சேர்ந்து கறியாக்கிய சிறுத்தொண்டர் கதையை இங்கே நினைவூட்டுகிறவர்கள் இருப்பார்கள்; அந்தக் கதையை நியாயப்படுத்தும் திராணி எனக்கில்லை.) இரண்டு மனங்கள் ஒரே கணத்தில் ஒரே முடிவுக்கு வருவது, ஒரு மனம் உலகை வெறுப்பதைக் காட்டிலும் அரிது.

புதுக்கோட்டை மண்ணிலேயே இதற்கு இணையான சரித்திரம் ஒன்று உண்டு. கோனாட்டின் தலைநகரான கொடும்பாளூரில் அரசு செய்த இடங்கழி நாயனாரின் நெற்களஞ்சியத்தில், அடியார்களுக்கு அமுதளிக்க வழியற்ற ஒரு பக்தர் இரவில் புகுந்து நெல் திருடிப் பிடிபட்டார். காரணத்தைக் கேட்ட மன்னர் அவரை விடுவித்ததோடு, அடியார்கள் களஞ்சியத்தை வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாமென்று பறையறைவித்தார். பெருமைக்குரிய செயலே, ஆனாலும் மாறனாரோடு ஒப்பிடத் தயங்குகிறேன். மன்னருடைய களஞ்சியம் குடிகளின் வரியால் மறுபடி நிரம்பும். மாறனாரின் வயல் நிரம்பாது.

அதே கொடும்பாளூரில் பிற்காலத்தில் பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் எழுப்பிய மூவர் கோயில், திருச்சி–மதுரைச் சாலைக்குச் சற்று விலகி நிற்கிறது. தன் பெயரால் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தேவியர் இருவர் பெயரால் இரண்டுமாக மூன்று விமானங்கள் கட்டினான் என்று அங்குள்ள சம்ஸ்கிருதக் கல்வெட்டு கூறுகிறது. அவற்றில் இரண்டே இன்று எஞ்சியிருக்கின்றன. மல்லிகார்ஜுனர் என்ற தபஸ்விக்கு ஒரு பெரிய மடமும், ஐம்பது துறவிகளுக்கு அன்னமிடப் பதினொரு கிராமங்களும் அவன் அளித்ததையும் அக்கல்வெட்டே சொல்கிறது. உலகைத் துறந்த ஐம்பது பேருக்குச் சோறு எங்கிருந்து வந்தது? அந்தக் கிராமங்களில் மாடு பூட்டி, நாற்று நட்டு, பிள்ளை பெற்று வளர்த்த குடும்பங்களிலிருந்துதான். அந்தக் குடும்பங்களில் ஒன்றின் பெயரும் கல்லில் இல்லை.

இதனால் துறவை நான் இழிவுபடுத்துவதாக எண்ண வேண்டாம். திருவரங்குளம் காட்டில் திரிந்த சதாசிவப் பிரம்மேந்திரர், 1738-இல் விஜயரகுநாதராயத் தொண்டைமானுக்கு மௌனம் கலையாமல் மணலில் உபதேசம் எழுதிக் காட்டினார் என்பதும், அரசர் அந்த மணலை அங்கவஸ்திரத்தில் முடிந்து சென்று அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பதும் இச்சீமையின் ஐதிகம். உபதேசம் பெற்ற அரசர் காட்டில் தங்கிவிடவில்லை. ராஜ்யத்துக்கும் குடும்பத்துக்குமே திரும்பினார். அவரவர் இருக்கும் இடத்திலேயே தவம் கைகூடும் என்பதற்கு ஒரு சந்நியாசியே சாக்ஷியாகிறார்.

மாறனாருக்குக் குருபூஜை ஆவணி மகத்தன்று நடைபெறுகிறது. அவருடைய மனைவியாரின் பெயரைச் சேக்கிழார் குறிப்பிடவில்லை. தனியே ஒரு நாளும் அவருக்கு இல்லை. இனி அந்தச் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள், மழையையும் இருட்டையும் வர்ணிக்கும் முன், முளைநெல்லைக் கொண்டுவரச் சொன்னவர் அந்த அம்மையார்தான் என்பதைச் சபையறியச் சொல்லிவிட்டு மேலே போகட்டும்.