மறதியும் பொறுப்பும்

மறதி மனிதர்க்கு இயற்கை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குடையை மறந்தவனைக் கண்டு நகைக்கிறோம். பட்ட கடனை மறந்தவனைக் கண்டு சினக்கிறோம். பெற்ற குழந்தையையே ஒருவன் மறந்தான் என்றாலோ, ‘இவனும் ஒரு தந்தையா?’ என்று தீர்ப்பே வழங்கிவிடுகிறோம். அத்தீர்ப்பு அறத்தின்பாற்பட்டதுதானா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவில் 1998 முதல் 2024 வரை, நிறுத்தப்பட்ட கார்களுக்குள் வெப்பம் தாக்கி மாண்ட குழந்தைகள் ஏறத்தாழ ஆயிரவர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், அழைத்துச் சென்ற பெரியவர் மறந்துபோனதால் மாண்டவர்கள். வெளியே 27 பாகை செல்சியஸ் வெப்பமே உள்ள நாளிலும், மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் அது 37 பாகையாகிறது. ஒரு மணி நேரத்தில் 50 பாகையைக் கடக்கிறது. குழந்தையின் உடலோ பெரியவர் உடலினும் மூன்று முதல் ஐந்து மடங்கு விரைவில் சூடேறுவது.

மறந்தவர்கள் யாவர்? ஜீன் வைன்கார்ட்டன் என்னும் இதழாளர் 2009-இல் வாஷிங்டன் போஸ்ட் இதழில் இதுபற்றி எழுதி, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார். அவர் காட்டும் பட்டியலில் அஞ்சலக எழுத்தர் உண்டு, செவிலியர் உண்டு, குழந்தை மருத்துவரும் உண்டு. அன்பில்லாதவரே மறப்பர் என்னும் நம் எண்ணம் இங்கே ஆட்டங்காண்கிறது.

தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் டேவிட் டயமண்ட் இதற்கு விளக்கம் கூறுகிறார். நம்முள் இருவகை நினைவுகள் உள்ளன: ஒன்று நாள்தோறும் செய்வதைத் தானே செய்விக்கும் பழக்க நினைவு, மற்றொன்று ‘இன்று இதைச் செய்யவேண்டும்’ எனத் திட்டமிடும் நினைவு. வழக்கமாக நேரே அலுவலகம் செல்பவர், ஒருநாள் மட்டும் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டியிருக்கிறது. உறக்கக் குறைவும் மனக்கவலையும் சேர்ந்துகொள்ள, பழக்கம் வென்றுவிடுகிறது. குழந்தையோ ஓசையின்றி உறங்குகிறது. காப்பகத்தில் விட்டாயிற்று என்றே மனம் நம்பிவிடுகிறது.

இதில் ஒரு கொடிய முரணும் உண்டு. 1990-களில், முன் இருக்கையில் விபத்தின்போது விரியும் காற்றுப்பை சிறுவர் உயிரைக் குடித்தமையால், அவர்களைப் பின்னே அமர்த்துக என்று அறிவுறுத்தினர்; கைக்குழந்தையைப் பின்நோக்கி அமர்த்துக என்றனர். அது நல்ல அறிவுரையே. ஆயினும், ஓர் ஆபத்தினின்று காத்த அந்த ஏற்பாடே குழந்தையை ஓட்டுநர் கண்ணினின்று மறைத்தது.

வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அவர் கடிவது மகிழ்ச்சியின் மிகுதியால், செருக்கினால் வரும் சோர்வை. களைத்த மனத்தின் வழுக்கலை அதனோடு ஒன்றாக வைத்தல் முறையாகுமா? அமெரிக்க நீதித்துறையே இவ்விடத்தில் தடுமாறுகிறது. ஒரே தன்மையான நிகழ்ச்சிக்கு ஓரிடத்தில் கொலைக்குற்ற வழக்குத் தொடர்கின்றனர். வேறோரிடத்தில் இதைவிடப் பெரிய தண்டனை ஏது என்று விட்டுவிடுகின்றனர்.

தண்டனையால் தடுக்க இயலாததைக் கருவியால் தடுக்க முயல்கின்றனர். இத்தாலியில், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டுமென்னும் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், புதிய கார்களில் பின் இருக்கை எச்சரிக்கை அமைய விதி வகுக்குமாறு போக்குவரத்துத் துறையைப் பணித்தது. எளிய கருவி, புறப்படுமுன் பின்கதவு திறக்கப்பட்டதை நினைவில் வைத்து, எஞ்சினை நிறுத்தியதும் ஒலிக்கிறது. உள்ளே இருப்பது குழந்தையா, காய்கறிப் பையா என்பதை அது அறியாது. நாள்தோறும் வீணே ஒலிக்கும் மணியைச் செவி கேளாமற் பழகிவிடும். ஆதலின் மூச்சின் அசைவையே ரேடாரால் உணரும் கருவிகள் மேலானவை.

‘பிள்ளையை நினைக்கவும் இயந்திரம் வேண்டுமா? பாசம் மங்கிவிடாதா?’ என்று கேட்போர் உளர். நாம் அலுவலகத்தில் நினைவூட்டுக் கடிதம் எழுதுகிறோம். கெடுநாள் குறித்த பதிவேட்டை நாள்தோறும் புரட்டுகிறோம். அதனால் கடமையுணர்வு குன்றியவர்களாகிவிடுவதில்லை. தன் நினைவின் எல்லையை அறிந்து ஏற்பாடு செய்பவனே கடமையை மதிப்பவன். குழந்தை வரவில்லையெனில் உடனே பெற்றோரை அழைக்கும் காப்பகமும் அத்தகைய ஏற்பாடே. அதற்கு எந்தக் கருவியும் வேண்டுவதில்லை.

எனவே பொறுப்பு எங்கே தொடங்குகிறது? மறந்த கணத்தில் மனிதன் தன்வசத்தில் இல்லை. அதற்கு முன்பு இருந்தான். ‘நான் மறக்கமாட்டேன், மறப்பவர் வேறு வகையினர்’ என்று துணிந்து, காப்பினை வேண்டாவென ஒதுக்கும் இறுமாப்பே வள்ளுவர் கடிந்த பொச்சாப்புக்கு மிக அண்மையில் நிற்பது. அவ்விறுமாப்பு, மறந்து குழந்தையை இழந்தவரிடம் இருப்பதைவிட, அவரைத் தூற்றும் நம்மிடமே மிகுதி. தூற்றுதலால் நாம் பெறுவது, நமக்கு இது நேராது என்னும் பொய்யான ஆறுதல் ஒன்றே. அதனைக் கைவிடுவோமாயின், இழந்தவர்பால் இரக்கமும் இருக்கும் குழந்தைகட்குக் காவலும் ஒருங்கே வாய்க்கும்.