குழந்தையின் நிபந்தனைகள்

காந்திஜியைப் படம் பிடிக்க வேண்டும் என்று கனு காந்திக்கு ஆசை வந்தது. கனு அவருக்கு உறவுமுறையில் பேரன்; வார்தா பக்கத்தில் சேவாகிராம ஆசிரமத்தில் அவரோடேயே இருந்தவர். காந்திஜி 3 நிபந்தனைகள் போட்டார். பிளாஷ் வெளிச்சம் கூடாது. படத்துக்காக நில், உட்கார் என்று என்னிடம் சொல்லக் கூடாது. ஆசிரமத்துப் பணம் ஒரு காசு கிடைக்காது. ஜி. டி. பிர்லா 100 ரூபாய் கொடுத்தார். கனு ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவும் பிலிமும் வாங்கிக்கொண்டார். மண் சுவர், தாழ்ந்த கூரை, உள்ளே அரை இருட்டு. எதிரே ஓட்டமும் நடையுமாகத் திரியும் ஒரு கிழவர். அந்தக் காலத்துப் பிலிமோ மிகவும் மந்தமானது. அவர் எடுத்தவற்றில் கலங்கிப்போன படங்களும் உண்டு. ஆனால் காந்திஜி தமக்குத் தாமே இருக்கும்போது எப்படி இருந்தார் என்று பார்க்க விரும்புகிறவன் கனுவின் படங்களைத்தான் தேடிப் போகிறான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காந்திஜி இந்த விதியை எல்லாரிடமும் இரும்புப் பிடியாகப் பிடித்தவரில்லை. 1946-ல் அமெரிக்காவிலிருந்து வந்த மார்கரெட் பூர்க்-ஒயிட் என்ற அம்மாளுக்கு 3 பிளாஷ் பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன் அந்த அம்மாள் ராட்டை நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். பெரிய மனிதர்கள் நிபந்தனையும் போடுவார்கள், தளர்த்தவும் செய்வார்கள். அது அவர்கள் உரிமை.

எனக்கு எழுந்த கேள்வி இதுதான். பத்து மாதக் குழந்தைக்கு யார் நிபந்தனை போடுவது? அதற்கு வாய் இருக்கிறது, வார்த்தை இல்லை. அதுவும் ஓயாமல் திரிகிறது. அதுவும் இருட்டு வீட்டுக்குள் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஓர் உயிரின் முன்னால் காமிராவோடு உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

அடுக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் 3 நாள் இருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பெரியகுளத்திலிருந்து மலையேறிப் பெருமாள்மலைக்குப் போகிற பாதையில் இருக்கிறது அடுக்கம். கொடைக்கானலுக்குப் போகிற கூட்டத்தில் பாதிப்பேருக்கு இப்படி ஓர் ஊர் இருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பது ஊருக்கு நல்லது என்பது என் அபிப்பிராயம். நண்பருக்கு அங்கே கொஞ்சம் காப்பித் தோட்டம். மத்தியானம் திரும்பினால் போதும், சொல்லாமல் வருகிற உறவுக்காரனைப்போல மஞ்சு வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களைச் சின்னதாக வைத்துக் கட்டிய பழைய வீடு. மூன்று மணிக்கே கூடத்தில் அந்தி.

நண்பரின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள். மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மகள் பிறந்து பத்து மாதம் ஆகியும் அவளைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. போனில் முகம் பார்ப்பார்கள். மலையில் சிக்னல் வந்தால் உண்டு, வந்தாலும் பாதிப் பேச்சில் குழந்தையின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். "கையில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு நல்ல போட்டோ அனுப்புங்கள்" என்று அவர் கேட்டிருந்தார். எனக்குக் காமிராப் பைத்தியம் உண்டு என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆகவே பொறுப்பு என் தலையில் வந்தது.

நண்பரின் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டார். "அண்ணே, பிளாஷைப் போட்டுப் பளிச்சுன்னு எடுத்துருங்க. மாப்பிள்ளை பாக்கணும்ல. மூஞ்சி தெளிவாத் தெரியணும்."

நியாயமான பேச்சு. தகப்பனுக்கு மகள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைவிட நியாயமான ஆசை என்ன இருக்கிறது?

இந்தச் சங்கடம் புதிதுமல்ல. புகைப்படக் கலை பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது. 1838-ல் டாகேர் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் வீதி ஒன்றைப் படமெடுத்தார். ஜனங்களும் வண்டிகளும் போய்வந்த வீதி. படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் உருவம் பதியப் பல நிமிஷம் ஆனதால் நடந்தவர்கள் எல்லாரும் மறைந்து போனார்கள். காலைக் காட்டிக்கொண்டு பாலிஷ் போட நின்ற ஒரு மனிதன் மட்டும் மிஞ்சினான். அசையாதவனுக்கே படம் என்பது அன்றைய சட்டம். அப்படியானால் குழந்தையை என்ன செய்வது? சீமையில் ஒரு தந்திரம் செய்தார்கள். தாயை நாற்காலியில் உட்கார வைத்து, தலைமுதல் கால்வரை துணியால் மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்தார்கள். துணிக்குள்ளிருந்து தாய் இறுகப் பிடித்துக்கொள்வாள். படத்தில் ஏதோ உறை போட்ட ஆசனத்தின்மேல் குழந்தை அமர்ந்திருப்பது போலத் தோன்றும். அந்தப் படங்கள் இன்றைக்கும் கிடைக்கின்றன. துணிக்குக் கீழே ஒரு தாய் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்த பிறகு என்னால் அவற்றை ரசிக்க முடிவதில்லை.

1887-ல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் வித்தை வந்தது. 1929-ல் கண்ணாடிப் பல்பு வந்தது. அதற்கப்புறம் குழந்தையைப் பிடித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை. திகைக்க வைத்தால் போதும்.

பிளாஷை வெறுக்கிறவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தையின் கண் கெட்டுவிடும் என்கிறார்கள். சாதாரணக் காமிராவின் பிளாஷினால் குழந்தையின் பார்வை கெடுவதில்லை. அது மட்டுமா? பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்ணின் பாவை சிவப்பாகத் தெரியாமல் வெள்ளையாகப் பளபளப்பதைப் பெற்றோர் கவனித்து, டாக்டரிடம் ஓடி, விழித்திரையில் வந்த புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து உயிர் பிழைத்த குழந்தைகள் உண்டு. அப்படி ஒரு வெள்ளைப் பாவையைப் படத்தில் பார்த்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுவதுதான் முறை. ஆகவே பிளாஷ் கொடிய வஸ்து என்று நான் எழுத மாட்டேன்.

என் ஆட்சேபம் வேறு. பிளாஷ் அடித்த மறுகணம் ஒரு குழந்தையின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கிற பார்வை அது. அதுவரை அந்தக் கூடத்தில் நானும் பாயும் பூனையும் அதற்கு ஒன்றுதான். அதன்பின் நான் ஏதோ செய்யக்கூடியவன். இன்னொன்றும் உண்டு. பிளாஷ் வெளிச்சம் பக்கத்தில் இருக்கும் முகத்தை வெளுக்கச் செய்து, பின்னால் இருப்பதை எல்லாம் இருட்டில் தள்ளிவிடும். குழந்தை எந்த வீட்டில், எந்த நேரத்து வெளிச்சத்தில் தவழ்ந்தது என்பது போய்விடும். துபாயில் எடுத்ததா அடுக்கத்தில் எடுத்ததா என்று அந்தப் படம் சொல்லாது.

பிளாஷ் இல்லாமல் எப்படி எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தவழுகிற குழந்தையின் அசைவை நிறுத்த, காமிராவின் கதவு விநாடியில் 125-ல் ஒரு பங்கு நேரம்தான் திறக்கலாம். 30-ல் ஒரு பங்கு என்றால் முகம் தப்பினாலும் கைகள் சிறகாகிவிடும். அவ்வளவு குறைந்த நேரத்தில் அரை இருட்டிலிருந்து வெளிச்சத்தை அள்ள வேண்டுமானால் லென்ஸின் வாய் அகலமாக இருக்க வேண்டும். 3.5 என்ற துவாரத்தை 1.8 ஆகத் திறந்தால் ஏறக்குறைய 4 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதற்கு விலையும் உண்டு: தெளிவாக விழும் ஆழம் இரண்டு விரற்கடைதான், கண் தெளிந்தால் காது கலங்கும். கண்ணைப் பிடித்தால் போதும், காதை விட்டுவிடலாம். மிச்சத்துக்குக் காமிராவின் நுட்பத்தை 3200 வரை ஏற்றிக்கொள்ள வேண்டும். படத்தில் புள்ளி தட்டும், தட்டட்டும்.

இதெல்லாம் யந்திரத்தின் சமாசாரம். மனிதன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும் வெளிச்சத்துக்கும் நாலு முழம் தள்ளி இருக்கும் வெளிச்சத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் ஜன்னலுக்கடியில் பாயை விரித்து அதன்மேல் ஒரு பித்தளை டம்ளரை வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். குழந்தைகளை ஒரு காலத்தில் ஸ்டூடியோக்காரர்கள் குப்புறப் போட்டுத் தலை தூக்கச் சொல்லி எடுத்தார்களே, அந்தக் கோலத்தில் நான்! அவள் டம்ளரைத் தேடி வந்தாள். புதிய பொருள் ஒன்று கைக்கு வந்ததும் வாய்க்குப் போவதற்கு முன்னால் குழந்தை அரை விநாடி அசையாமல் அதைப் பார்க்கும். அந்த அரை விநாடிதான் நமக்கு.

டம்ளர் வைப்பதும் சூழ்ச்சிதானே என்று கேட்கலாம். சூழ்ச்சிதான். ஆனால் அதை ஏற்பதும் மறுப்பதும் அவள் இஷ்டம். இரண்டாம் தடவை அவள் டம்ளரை உருட்டிக்கொண்டு இருட்டு மூலைக்கே போய்விட்டாள். நான் பாயில் தனியாகக் கிடந்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள்.

நண்பரின் மகன் தன் கைபேசியை நீட்டினான், இதில் இருட்டிலும் பகல் மாதிரி விழும் என்று. உண்மைதான், இருட்டில் அந்தக் கருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல படங்கள் எடுத்துச் சேர்த்து ஒன்றாக்குகிறது. பாத்திரம் பண்டம் அழகாக விழும். தவழும் குழந்தை கலங்கிவிடும். இன்னும் சாமர்த்தியமான கருவிகளும் வந்துவிட்டன. 2023-ல் வந்த கூகுளின் பிக்ஸல் 8, அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றிலிருந்து ஒருவர் முகத்தையும் இன்னொன்றிலிருந்து மற்றவர் முகத்தையும் எடுத்து ஒரே படமாகத் தரும். எல்லாரும் சிரிக்கிற படம் கிடைக்கும். எல்லாரும் சிரித்த அந்த விநாடி மட்டும் உலகத்தில் நடந்திராது. நான் கதை எழுதுகிறவன். நடக்காததை எழுதுவது என் தொழில். ஆனால் கதை என்று தலைப்பில் போட்டுவிடுகிறேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நண்பர் ஒரு வாதம் சொன்னார். அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. "நீங்க குழந்தைக்கு என்னமோ மரியாதை பண்றீங்க. அதுக்கு நாளைக்கு இது ஞாபகம் இருக்கப்போவுதா? ஞாபகம் வச்சிருக்கப் போறவரு மாப்பிள்ளை. ஏங்கிக் கிடக்கிறவரும் அவருதான். யாரு பக்கம் பாக்கணும்?"

ஏங்குகிறவன் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்று என் மனசும் சொல்கிறது. ஆனால் ஞாபகம் இராது என்பது எப்படி அனுமதியாகும்? ஆபரேஷன் மேஜையில் மயக்கத்தில் கிடக்கிறவனுக்கும் ஒன்றும் ஞாபகம் இராது. அதனாலேயே அவனிடம் நாம் இரண்டு மடங்கு ஜாக்கிரதையாக நடந்துகொள்கிறோம். தவிர, அந்தத் தகப்பன் பிரிந்திருப்பது யாரை? காமிராவைப் பார்த்துத் திகைத்த ஒரு முகத்தை அல்லவே. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இராத இந்தச் சுட்டியை. கைகள் கலங்கி விழுந்தால், இவள் கைகள் ஓயாதவை என்பதும் அவருக்குத் தெரிய வேண்டிய சேதிதானே.

நிபந்தனை சொல்லக் குழந்தைக்கு வார்த்தை இல்லை என்றேன். வார்த்தை இல்லையே தவிர, அது சொல்லாமல் இல்லை. போதும் என்று தோன்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எந்தத் தாய்க்கும் இது தெரியும், சோறூட்டும்போது பார்க்கிறாள். காமிரா வைத்திருக்கிற நாம்தான் முகம் திரும்பிய பக்கம் ஓடிப்போய் நின்று விரல் சொடுக்குகிறோம், கிலுகிலுப்பை ஆட்டுகிறோம். மறுநாள் மாலை அவள் இரண்டு தடவை முகத்தைத் திருப்பினாள். மூன்றாம் தடவை அழுதாள். "அழுகுற மாதிரியும் ஒண்ணு எடுங்கண்ணே, அதுவும் அழகாத்தான் இருக்கும்" என்றார் பாட்டி. நான் காமிராவைப் பையில் வைத்துவிட்டேன். கனு காந்திக்கும் ஒரு நாள் இப்படி வந்தது. 1944 பிப்ரவரியில், புனாவில் ஆகாகான் மாளிகைச் சிறையில், கஸ்தூரிபா காந்திஜியின் மடியில் தலை வைத்து இறந்துகொண்டிருந்தார். கனு பக்கத்தில் இருந்தார். படம் எடுக்க வேண்டாம் என்று காந்திஜி சொல்லிவிட்டார். கனு எடுக்கவில்லை. சரித்திரத்துக்கு நஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கவில்லை. சரித்திரம் அந்த நஷ்டத்தைத் தாங்கும்.

அறுபதுக்கு மேல் படங்கள் எடுத்ததில் தேறியவை நாலைந்து. பாட்டிக்குப் பிடித்தது டம்ளரைப் பார்க்கிற படம். கண் இரண்டும் துல்லியமாக விழுந்திருந்தது. குழந்தையின் தாய்க்கு அது பிடிக்கவில்லை. லென்ஸைப் பிடுங்க வருகிற படம் ஒன்று, வலது கை முழுதும் வெறும் பனிப்புகையாக, வாய் திறந்து, கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு பாதி அழிந்து. "இதுதான் இவ" என்றாள். இரண்டையும் அனுப்பினார்கள்.

ராத்திரி மலையில் சிக்னல் இல்லை. மறுநாள் காலையில்தான் பதில் வந்தது. மகளைப் பற்றி அவர் என்னென்னவோ எழுதியிருந்தார். அதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம். கடைசியில் ஒரு கேள்வி: பின்னால் தெரிவது கூடத்து ஜன்னல்தானே, அந்தக் கொக்கியை இன்னும் மாற்றவில்லையா?

இன்னும் மாற்றவில்லை.