காவலா, வேவா?

அஸ்தம்பட்டியில் நமக்கு நெடுநாளாக வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. குடும்பத் தலைவர் ஜவுளி வியாபாரி. ஐவேளைத் தொழுகையையும் ஜமாஅத்துடன் நிறைவேற்றுவதில் கவனமுள்ளவர். அவருடைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் படிக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அவ்வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். எப்போதும் வாசலிலேயே ஸலாம் சொல்லி வரவேற்கும் அந்தப் பெண்ணை அன்று காணவில்லை. தகப்பனும் மகளும் பேசிக்கொண்டு நான்கு நாட்களாகிவிட்டன என்று தாயார் மெல்லச் சொன்னார்.

விஷயம் இதுதான். மகளுடைய செல்போனில் தகப்பனார் அவளுக்குத் தெரியாமல் ஒரு செயலியைப் போட்டு வைத்திருக்கிறார். அவள் எங்கே நிற்கிறாள், யாரோடு பேசுகிறாள், யாருக்கு என்ன எழுதுகிறாள் என்பதெல்லாம் கடையில் உட்கார்ந்திருக்கும் அவருடைய போனுக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் படிக்கும் பெண் அல்லவா? ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணே, பெத்தவனுக்கு இந்த உரிமைகூட இல்லையா? காலம் கெட்டுக் கிடக்கு. பயமா இருக்கு, போட்டேன்" என்றார் தகப்பனார்.

மகளை அழைத்துக் கேட்டோம். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பெரியத்தா, நான் தினமும் சென்ட்ரல் ஜெயில் வழியாத்தான் பஸ்ஸுல போறேன். அந்த மதிலுக்குள்ள இருக்கிறவங்க மேல ஒரு வழக்காவது இருக்கு. என் மேல என்ன வழக்கு?" என்றாள்.

இந்தக் கேள்வி நம்மை உலுக்கிவிட்டது. அவள் மேலும் சொன்னவற்றையும் வாசகர்கள் அறிய வேண்டும். கல்லூரி வாசலில் காமிரா இருப்பதை அவள் எதிர்க்கவில்லை. அடையாள அட்டை கேட்கும் வாட்ச்மேனை எதிர்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரிய வேண்டும், புகார் சொன்னால் விசாரிக்க ஆள் வேண்டும் என்கிறாள். ஆனால் காமிராவில் பதிவானதை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், அது வெளியே போனால் யார் பொறுப்பு என்று கேட்கிறாள். "என்னைக் காப்பாத்துறதுக்காக வெச்சதுன்னா என்கிட்ட சொல்லிட்டு வைக்கலாமே? ஒளிச்சு வெச்சா அது எனக்காக வெச்சது இல்ல, எனக்கு எதிரா வெச்சது" என்பது அவளுடைய வாதம்.

அன்று நம் மனம் தகப்பன் பக்கமே சாய்ந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நம் மகனுக்கு வந்த கடிதம் ஒன்றை அவனுக்குத் தெரியாமல் பிரித்துப் படித்தவர்கள்தாம் நாமும். ஆகவே இப்பிரச்னையை ஆற அமரச் சிந்தித்துப் பார்ப்பது நமக்கே அவசியமாயிற்று.

தகப்பனின் அச்சம் பொய்யா?

பொய்யல்ல. 1996ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்த நாவரசு என்னும் மாணவர், மூத்த மாணவர் ஒருவரால் விடுதியில் கொலையுண்டார். அதன் பிறகே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997இல் வந்தது. 1998இல் சென்னையில் சரிகா ஷா என்னும் கல்லூரி மாணவி நடுத்தெருவில் வாலிபர்களின் சேட்டைக்குப் பலியானார். ஈவ்டீசிங் தடைச் சட்டம் அதைத் தொடர்ந்து பிறந்தது. 2019இல் பொள்ளாச்சியில் நடந்த கொடுமை வெளியே வந்தபோது பெண்ணைப் பெற்ற எந்த வீட்டிலும் உறக்கமில்லை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு அநியாயம் இழைக்கப்பட்டது. இவ்வளவையும் பார்த்த தகப்பன் பயப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். வீட்டார் ஒளித்து வைத்த செயலி இவர்களில் யாரைக் காப்பாற்றியிருக்கும்? நாவரசு இருந்த இடம் அவருடைய கல்லூரி விடுதி. அண்ணா பல்கலைக்கழக மாணவி இருந்த இடம் அவர் இருக்க வேண்டிய வளாகம்தான். "பிள்ளை பத்திரமாகக் கல்லூரியில் இருக்கிறது" என்றுதானே செயலியும் காட்டியிருக்கும்?

பொள்ளாச்சி வழக்கை இன்னும் ஆழ்ந்து நோக்க வேண்டும். பெண்களோடு நட்பாகப் பழகி, தனியிடத்துக்கு அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதைச் செல்போனில் படமெடுத்து, அந்தப் படத்தைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டினார்கள். ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று கோவை மகளிர் நீதிமன்றம் 2025 மே 13இல் தீர்ப்பளித்தது. அந்தக் கயவர்களின் கையிலிருந்த ஆயுதம் செல்போன் என்று நாம் நினைக்கிறோம். செல்போன் மட்டுமன்று. "வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ" என்று அப்பெண்களின் நெஞ்சில் இருந்த நடுக்கமே அவர்களுடைய பெரிய மூலதனம். "எங்கே வேண்டுமானாலும் காட்டிக்கொள், நான் என் அத்தாவிடம் சொல்லிவிட்டேன்" என்று ஒரு பெண் சொல்ல முடியுமானால் மிரட்டுகிறவன் கையில் என்ன மிஞ்சும்?

இங்கேதான் வேவு பார்ப்பதன் கேடு புரிகிறது. வேவு பார்க்கும் வீட்டில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது ஒளிப்பதைத்தான். ஒன்றுக்கு இரண்டாகச் செல்போன் வைக்கக் கற்கும். தோழியின் பெயரில் எண்ணைப் பதிந்துவைக்கக் கற்கும். நாளை ஆபத்து வரும்போது அதே பழக்கத்தினால் அதையும் ஒளித்துவிடும். காப்பதற்கென்று நாம் செய்த காரியம் கயவனுக்குத் துணைசெய்ததாக முடியும்.

மார்க்கத்தின் வழிகாட்டல்

நாம் ஒவ்வொருவரும் மேய்ப்பர். நம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற இந்த ஹதீஸைத்தான் அந்தத் தகப்பனாரும் நம்மிடம் எடுத்துக் காட்டினார். உண்மைதான். ஆனால் மேய்ப்பனின் கண் எதன்மேல் இருக்கும்? ஓநாய் வரும் திசையின்மேல் இருக்கும். ஆட்டையே ஓநாயாகச் சந்தேகிப்பது மேய்ப்பனின் வேலையாகாது.

திருமறையின் 49ஆம் அத்தியாயம் 12ஆம் வசனம் மூன்று தீமைகளை வரிசையாகத் தடுக்கிறது: வீண் சந்தேகம், துருவி ஆராய்தல், புறம் பேசுதல். இவ்வரிசையைக் கவனியுங்கள். சந்தேகம் முளைத்தால் துருவத் தோன்றும். துருவினால் கிடைத்ததை நாலு பேரிடம் பேசத் தோன்றும். மக்களின் குறைகளைத் தேடித் துருவப் புகுந்தால் அவர்களைக் கெடுத்துவிடுவீர் என்ற கருத்துப்பட நபி (ஸல்) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களிடம் கூறியதாக அபூதாவூதில் வந்துள்ளது. குறையைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்காகத்தான் துருவுகிறோம் என்பது நம் எண்ணம். துருவுவதே கெடுத்துவிடும் என்பது அவர்களின் எச்சரிக்கை!

ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களின் அறையைத் துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த நிகழ்ச்சியும் புகாரியில் உள்ளது. வீட்டுக்குள் வர அனுமதி கேட்கும் சட்டமே பார்வையை முன்னிட்டுத்தான் ஏற்பட்டது என்று அப்போது அவர்கள் விளக்கினார்கள். அன்று சுவரில் இருந்த துவாரம் இன்று செல்போனில் இருக்கிறது. 24ஆம் அத்தியாயம் வீட்டாருக்குள்ளேயே அனுமதி கேட்கும் ஒழுங்கைச் சொல்கிறது. பிள்ளைகள் பருவம் எய்தியபின் எந்நேரமும் அனுமதி கேட்டே வர வேண்டும் என்கிறது. வளர்ந்த பிள்ளை கதவைத் தட்ட வேண்டுமென்றால், வளர்ந்த பிள்ளையின் கதவை நாமும் தட்டுவதுதானே முறை?

நாட்டின் சட்டமும் இதையொட்டியே வந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கோழிக்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த கல்லூரி விடுதி ஒன்றில் மாலை 6 மணி முதல் 10 மணி வரை மாணவிகள் செல்போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அதை ஏற்காத பஹீமா ஷிரின் என்னும் மாணவி விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. அதே சமயம் அவருடைய செல்போனால் மற்ற மாணவிகளுக்கு இடைஞ்சல் வரலாகாது என்றும் சொன்னது.

மகனைப் பற்றி ஒரு வார்த்தை

அந்த ஜவுளி வியாபாரிக்கு ஒரு மகனும் இருக்கிறான். வேறொரு கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறான். "அவன் போனில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி 24ஆம் அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா முதலில் கட்டளையிடுவது ஆண்களுக்கு. அதற்கடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. நம் வீடுகளிலோ முதலாவது வசனம் மறந்து போய், இரண்டாவது வசனம் மட்டும் நினைவில் நிற்கிறது. பொள்ளாச்சியில் தண்டிக்கப்பட்ட ஒன்பது பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தாமே! மகனுக்கும் செயலி போட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிற பெண்ணின் படத்தை அவளறியாமல் எடுப்பதும், எவனோ அனுப்பியதை இன்னொருவனுக்கு அனுப்புவதும் ஹராம் என்று மகனை உட்கார வைத்துச் சொன்னோமா என்றே கேட்கிறோம்.

எந்தப் பார்வை மனிதனைத் திருத்தும்?

இருநூறு ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த பெந்தாம் என்னும் அறிஞர் ஒரு சிறைச்சாலைக்குத் திட்டம் வகுத்தார். நடுவில் ஒரு கோபுரம். சுற்றிலும் வட்டமாகக் கைதிகளின் அறைகள். கோபுரத்திலிருப்பவன் எல்லாரையும் பார்க்கலாம். அவன் இப்போது பார்க்கிறானா என்று எந்தக் கைதிக்கும் தெரியாது. எந்நேரமும் பார்க்கப்படுகிறோம் என்ற அச்சத்திலேயே கைதி ஒழுங்காக இருப்பான் என்பது அவருடைய கணக்கு.

"அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நாமும்தானே நம்புகிறோம், இரண்டும் ஒன்றுதானே?" என்று சிலர் எண்ணலாம். ஒன்றல்ல. கோபுரத்துக் காவலன் பிடிப்பதற்காகப் பார்க்கிறான். அவன் இல்லையென்று தெரிந்த அன்றே கைதி பழைய மனிதனாகிவிடுவான். அல்லாஹ்வோ படைத்துக் காப்பவன், குறைகளை மறைப்பவன், திரும்பி வந்தால் மன்னிப்பவன். அவன் பார்க்கிறான் என்ற உணர்வில் அச்சமும் உண்டு, ஆறுதலும் உண்டு.

யூசுப் (அலை) அவர்களின் சரித்திரத்தைப் பாருங்கள். அந்நிய நாடு, பூட்டிய கதவுகள், தந்தையோ வெகு தொலைவில். அந்த நேரத்தில் அவர்களைக் காத்தது எந்தக் காவல்? அதே சூராவின் தொடக்கத்தில், தாம் கண்ட கனவை அவர்கள் முதன்முதலாக யாரிடம் போய்ச் சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். தந்தை யஃகூப் (அலை) அவர்களிடம்! தந்தை அக்கனவைக் கேலி செய்யவில்லை, கடிந்துகொள்ளவில்லை. பரிவோடு கேட்டு, யாரிடம் சொல்லலாகாது என்று எச்சரித்தார்கள். தந்தையிடம் மனம் திறக்கும் பிள்ளை, தந்தை இல்லாத இடத்திலும் இறைவனை மறக்கவில்லை.

மாணவ மாணவியருக்கு

இவ்வளவும் சொன்னதால் பிள்ளைகள் தங்கள் பக்கமே தீர்ப்பாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தரங்கம் என்பது வேலி. தோட்டத்துக்குள் நஞ்சை வளர்ப்பதற்கு அது அனுமதியாகாது. உங்கள் செல்போனைத் துருவலாகாது என்று கேட்கும் நீங்கள், விடுதித் தோழி உறங்கும்போது வேடிக்கையாகப் படமெடுத்துப் பரப்பினால் உங்கள் வாதம் என்னவாகும்? எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் போவது அடிமைத்தனமல்ல. அது அவர்களுடைய ஹக்கு. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் கலக்கத்தைத் தீர்க்க ஒரு நிமிடப் பேச்சு போதும்.

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் இன்னொன்றும் நடந்தது. புகார் செய்த மாணவியின் விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. கசிந்ததை வாங்கிப் படித்தவர்களும் மற்றவர்களுக்கு அனுப்பியவர்களும் சாதாரண ஜனங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் இருந்திருக்கலாம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நன்மாராயத்தை அறிந்தவர்கள் நாம். பாதிக்கப்பட்டவளிடம் குறையே இல்லாதபோது, அவள் துயரத்தைப் பரப்புவது எவ்வளவு பெரிய பாவம்!

முடிவாக

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு ஆயிற்று. தகப்பனார் மகள் முன்னிலையிலேயே செயலியை எடுத்துவிட்டார். பொழுது சாய்ந்து வரும் நாட்களில் தான் வரும் வழியைத் தானே தகப்பனாரின் போனுக்குத் தெரிவிப்பதாக மகள் ஒப்புக்கொண்டாள். பணமோசடி நேர்ந்தால் அழைக்க வேண்டிய 1930, பெண்களுக்கான 181 என்ற எண்களை வீட்டில் எல்லாரும் பதிந்துகொண்டார்கள், மகனும்தான். கடைசியாகத் தகப்பனார் மகளிடம் சொன்னதுதான் முக்கியமானது: "என்ன நடந்தாலும் முதல்ல என்கிட்ட வந்து சொல்லும்மா. தப்பு யாரு மேலேன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் எங்கள் இருவருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாட்களுக்குப் பிறகு.

நம் மகன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. அந்தப் பழைய கடிதத்தைப் பிரித்ததற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினோம். "அது எனக்கு அப்பவே தெரியும் அத்தா" என்று பதில் வந்தது. இத்தனை ஆண்டுகளாக அவன் நம்மிடம் எவற்றையெல்லாம் சொல்லாமல் விட்டானோ என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

நம் பிள்ளைகளை அல்லாஹ்வின் காவலில் ஒப்படைப்போம். ஆபத்து நேரத்தில் அவர்கள் முதலில் ஓடிவரும் வாசலாக நம் வாசலை அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.