கை தட்ட யார் இருக்கிறார்கள்?

2016-ஆம் ஆண்டு எஃப்.ஏ.எம். லீக்கை இன்று யாரும் பேசுவதில்லை. மலேசியக் காற்பந்தில் அது மூன்றாம் படி. அந்தப் பருவத்தில் பிரீமியர் லீக்கிற்கு ஏறிய அணிகளில் ஒன்று பேராக் மாநில மேம்பாட்டுக் கழகத்தின் பிகேஎன்பி. இன்னொன்று மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா. சிலிம் ரிவரில் எங்கள் வீட்டில் இது பெரிய வாக்குவாதம்.

"நாம பேராக்காரங்க பெரியப்பா, பிகேஎன்பிதானே நம்ம டீம்?" என்றேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

"பேராக்குக் கை தட்ட ஆயிரம் பேர் இருக்கான்டா. நம்ம பசங்களுக்கு யாரு இருக்கா?"

அதே கேள்வியைத் திருப்பிப் போட்டவன் பல்கலைக்கழகத்தில் என் அறைத் தோழன், மலாய்க்காரன். ஓர் இனத்தின் பெயரில் அணி வைப்பது சரியா? வேறு யாராவது அப்படி வைத்தால் நீ முகம் சுளிக்க மாட்டாயா? சுளிப்பேன். அதனால் அன்று பேச்சை மாற்றிவிட்டேன்.

பதில் பெரியப்பாவிடம்தான் இருந்தது, அவர் அதை வாதமாகச் சொன்னதில்லை என்றாலும். தோட்டத்து அணியில் அவர் வலது பக்க ஆட்டக்காரர். கோயில், பள்ளி, கள்ளுக்கடை மாதிரி திடலும் தோட்டத்தில் ஒரு அங்கம். பால்மரம் போய் செம்பனை வந்தது, சனங்கள் டவுன் பக்கம் தாமான்களுக்குப் போனார்கள். திடலை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த நாடு இது. 2010-இல் ஆசியான் கிண்ணத்தை வென்ற தேசிய அணிக்குப் பயிற்றுநர் ராஜகோபால். ஆனால் திடல் இல்லாத பையனைத் தேடி யார் வருவார்கள்? வழி அடைபட்ட இடத்தில் ஒரு வாசல் வைத்தால் அதை வேலி என்று சொல்ல முடியாது. வேலியா வாசலா என்பது, உள்ளே இருப்பவன் வெளியே போக முடிகிறதா என்பதைப் பொறுத்தது. இப்படித்தான் அந்தத் தோழனுக்கு மனத்துக்குள் பதில் சொல்லிக்கொண்டேன். சில வருடம் தாமதம்.

2019-இல் அணி சூப்பர் லீக்கில் ஆடியது. பெயர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று மாறிவிட்டது, மலாய் ஆட்டக்காரர்களும் வெளிநாட்டவரும் இருந்தார்கள். பெரியப்பாவுக்கு வருத்தம். எனக்கு உள்ளூர நிம்மதி, சங்கடமான கேள்வி ஒழிந்தது. 2021-இல் வெளிநாட்டவரே வேண்டாம் என்று உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் இறக்கினார்கள். 2022 பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டார்கள்.

குடும்ப வாட்ஸ்அப்பில் நான் நீளமாகப் பொங்கினேன். நம்ம சமூகத்துக்கு இருந்த ஒரே அணி, இப்படிக் கைவிடலாமா என்றெல்லாம். பெரியப்பா ஒரே வரி போட்டார்: "நீ எத்தன ஆட்டம் போய்ப் பாத்த?"

ஒன்றுகூட இல்லை. அப்போது கிளானா ஜெயா அரங்கத்திலிருந்து பைக்கில் பத்து நிமிடத்தில் குடியிருந்தேன். ஆட்டம் உள்ள இரவுகளில் விளக்கு வெளிச்சம் தெரியும். நான் அறையில் லிவர்பூல் பார்ப்பேன்.

நான் மெக்கானிக்கல் படித்தவன். ஒரு பொருளைப் பார்த்தால் பாரம் எங்கே இறங்குகிறது என்று தேடுவது பழக்கம். அந்த அணியின் பாரம் முதலாளியின் பணத்தில் இறங்கியது, ஆட்டக்காரர்களின் காலில் இறங்கியது. 'நம்ம டீம்' என்று சொன்ன எங்கள்மேல் துளியும் இறங்கவில்லை. 'நம்ம' என்ற சொல்லை இவ்வளவு மலிவாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? பெரியப்பாவும் அரங்கத்துக்குப் போனதில்லைதான். ஆனால் அவரை என்னோடு சேர்க்க எனக்கு மனமில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அவர் பள்ளித் திடலில் பத்துப் பன்னிரண்டு பையன்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். முழங்கால் வலி, நாற்காலியில் உட்கார்ந்தபடிதான். பந்து வாங்க இருபது வெள்ளி கேட்டார். ஐம்பது கொடுத்தேன்.

"சனிக்கெழம வர்றியா? கோல்கீப்பருக்குச் சொல்லிக்குடுக்க ஆள் இல்ல."

ஓவர்டைம் இருக்கு பெரியப்பா என்றேன்.